நாடித் துடிப்பும் தேகப் பயிற்சியும்

ஓட்டத்திலோ மலையேற்றத்திலோ ஈடுபடும் ஒருவருடைய உடல் எவ்வளவு உழைக்கிறது என்பதை அறிவது எவ்வாறு? கடந்த தூரத்தையும் அதற்கு ஆன நேரத்தையும் கொண்டு அளப்பது ஒரு வழி. ஆனால், ஒரே வேகம் எல்லா இடங்களிலும் ஒரே அளவான உழைப்பைக் குறிப்பதில்லை. கொழிஞ்சாம்பாறையைச் சுற்றியுள்ள சமவெளிப் பாதையில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவர் களைப்பின்றிப் பேசிக்கொண்டே நடக்கலாம். அவரே மூணாறில் தேயிலைச் சரிவொன்றில் அதே வேகத்தில் ஏற முற்பட்டால் சில நிமிஷங்களுக்குள் மூச்சு வாங்கி நின்றுவிடுவார். கடிகாரமும் அளவு நாடாவும் இவ்விரண்டையும் ஒன்றாகவே காட்டும். வேற்றுமையை உணர்த்துவது இருதயம் ஒன்றே.

பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களின் எல்லைப் பகுதிகளில் பணிபுரிவோருக்கு இவ்விஷயம் அன்றாடத் தேவையாகும். பரம்பிக்குளம், சின்னாறு, இரவிகுளம், பெரியாறு ஆகிய காடுகளில் வனக் காவலர்கள் நாள்தோறும் நடந்தே பணியாற்றுகின்றனர். மறையூர், வட்டவடை, போடிமெட்டு, குமுளி ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள குடியிருப்புகளுக்குச் செல்லும் சுகாதாரப் பணியாளர்களும் செங்குத்தான பாதைகளில் ஏறி இறங்க வேண்டியுள்ளது. பள்ளிகளில் படிக்கும் மாணவர் பலர் காவல் துறை, வனத் துறை, இராணுவம் ஆகியவற்றின் உடல்திறன் தேர்வுகளுக்குத் தங்களைத் தயார் செய்துகொள்கின்றனர். இந்திய வனப் பணிக்குத் தேர்வு பெறும் ஆண்கள் 25 கிலோமீட்டர் தூரத்தையும், பெண்கள் 14 கிலோமீட்டர் தூரத்தையும் 4 மணி நேரத்தில் நடந்து முடிக்க வேண்டும் என்பது விதி. இத்தகைய தேர்வுகளுக்குச் சரியான முறையில் பழகாமல், கடைசிச் சில நாட்களில் மட்டும் கடுமையாக ஓடிப் பார்ப்பது பயனற்றது, ஆபத்தானதும் ஆகும்.

நாடித் துடிப்பை எண்ணி, அதற்கேற்பப் பயிற்சியை அமைத்துக்கொள்ளும் முறை இக்கட்டுரையில் விளக்கப்படுகிறது. இதற்கென மார்பில் கட்டும் பட்டையாகவும், மணிக்கட்டில் அணியும் கடிகாரமாகவும் துடிப்புமானிகள் இன்று கடைகளில் கிடைக்கின்றன. ஆயினும், கருவி இல்லாதவர்களும் இம்முறையின் பெரும் பகுதியைத் தங்கள் விரல்களைக் கொண்டே கையாளலாம்.

இருதயத்தின் வேலை

வளர்ந்த மனிதரின் இருதயம் ஓய்வு நிலையில் நிமிஷத்திற்கு 60 முதல் 100 முறை வரை துடிப்பது இயல்பு. சராசரியாக 70 முறை என்று கொண்டால், ஒரு நாளில் அது 1,00,800 முறை சுருங்கி விரிகிறது. ஒவ்வொரு சுருக்கத்திலும் ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் இரத்தம் வெளியேற்றப்படுகிறது. எனவே, நிமிஷத்திற்குச் சுமார் 5 லிட்டர் இரத்தம் உடலெங்கும் சுற்றி வருகிறது.

தசைகள் உழைக்கத் தொடங்கியதும் அவற்றுக்கு அதிகப் பிராணவாயு தேவைப்படுகிறது. பிராணவாயுவை ஏந்திச் செல்வது இரத்தமாதலால், இரத்த ஓட்டம் மிகுதியாக வேண்டும். இதை இருதயம் இரு வழிகளில் நிறைவேற்றுகிறது. முதலாவது, ஒரு துடிப்பில் வெளியேற்றும் இரத்தத்தின் அளவைக் கூட்டுகிறது. இரண்டாவது, துடிப்பின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. முதல் வழி விரைவில் தன் எல்லையை எட்டிவிடும். அதன் பின்னர் உழைப்பு கூடக் கூடத் துடிப்பின் எண்ணிக்கையும் ஏறக்குறைய அதே விகிதத்தில் கூடிக்கொண்டே செல்லும். இந்த ஒழுங்கான உறவே நாடித் துடிப்பைப் பயிற்சியின் அளவுகோலாகக் கொள்வதற்கு அடிப்படையாகும்.

தொடர்ந்து பயிற்சி செய்பவரின் இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தை வெளியேற்றும் திறனைப் பெறுகிறது. எனவே, அதே வேலைக்குக் குறைவான துடிப்புகளே போதுமானவை. நெடுந்தூர ஓட்டக்காரர்களின் ஓய்வுத் துடிப்பு நிமிஷத்திற்கு 40 முதல் 50 வரை இருப்பது இக்காரணத்தினாலேயே ஆகும்.

ஓய்வு எண்ணும் உச்ச எண்ணும்

பயிற்சியைக் கணக்கிட இரண்டு எண்கள் தேவை. ஒன்று ஓய்வு எண்; மற்றொன்று உச்ச எண்.

ஓய்வு எண்ணைக் காலையில் விழித்தவுடன், படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பு, தேநீரோ காப்பியோ அருந்தாமல் எண்ண வேண்டும். மூன்று நாட்கள் எண்ணிச் சராசரி காண்பது நலம்.

உச்ச எண் என்பது, ஒருவர் தம் முழுச் சக்தியையும் செலவிட்டு உழைக்கும்போது இருதயம் எட்டக்கூடிய மிகப் பெரிய எண்ணாகும். வயது ஏற ஏற இது குறைந்து வரும். பயிற்சியினால் இதைக் கூட்ட இயலாது. 220 என்ற எண்ணிலிருந்து வயதைக் கழித்து உச்ச எண்ணை மதிப்பிடும் வழக்கம் 1970-களின் தொடக்கத்திலிருந்து பரவியுள்ளது. 2001-இல் வெளியான ஓர் ஆய்வு, வயதை 0.7 ஆல் பெருக்கி 208-இலிருந்து கழிப்பது இன்னும் பொருத்தமானது என்று காட்டியது. 40 வயதினருக்கு இரு சூத்திரங்களும் 180 என்ற ஒரே விடையைத் தருகின்றன. 20 வயதினருக்கு முதல் சூத்திரம் 200 என்றும், இரண்டாவது 194 என்றும் கூறும். 60 வயதினருக்கு முதலாவது 160 என்றும், இரண்டாவது 166 என்றும் கூறும்.

இவை யாவும் சராசரிகளே என்பதை மறத்தல் கூடாது. ஒரே வயதுள்ள இருவரின் உச்ச எண்கள் 10 முதல் 20 துடிப்புகள் வரை வேறுபடுவது சாதாரணம். மேலும், இச்சூத்திரங்கள் வளர்ந்தவர்களுக்காக வகுக்கப்பட்டவை. பள்ளிச் சிறுவர்களுக்கு இவற்றைப் பொருத்திப் பார்ப்பது தவறான முடிவுகளுக்கு இடமளிக்கும்.

உச்ச எண்ணிலிருந்து ஓய்வு எண்ணைக் கழித்தால் கிடைப்பது துடிப்பின் சேமிப்பு எனலாம். உழைப்பிற்கென இருதயம் கையிருப்பில் வைத்துள்ள துடிப்புகள் இவை. பின்லாந்து நாட்டு விஞ்ஞானியான கார்வோனனும் அவருடைய துணைவர்களும் 1957-இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலிருந்து இக்கணக்கீடு வழக்கத்திற்கு வந்தது.

எடுத்துக்காட்டாக, 40 வயதுள்ள வனக் காவலர் ஒருவரின் ஓய்வு எண் 72 என்று கொள்வோம். உச்ச எண் 180. சேமிப்பு 108. மிதமான பயிற்சி என்பது சேமிப்பில் நூற்றுக்கு 40 பங்கு முதல் 60 பங்கு வரை செலவிடுவதாகும். 108-இல் நூற்றுக்கு 40 பங்கு 43. இதனுடன் ஓய்வு எண்ணைக் கூட்டினால் 115. நூற்றுக்கு 60 பங்கு 65. ஓய்வு எண்ணுடன் கூட்டினால் 137. எனவே, அவர் மிதமான பயிற்சி செய்கையில் நாடித் துடிப்பு 115-க்கும் 137-க்கும் இடையே இருத்தல் வேண்டும். அதற்கு மேல் கடுமையான பயிற்சி தொடங்குகிறது. நூற்றுக்கு 85 பங்கு செலவிடும் நிலையில் துடிப்பு 164-ஐ எட்டும். அந்நிலையில் நெடுநேரம் நீடிப்பது பழகிய ஓட்டக்காரருக்கும் எளிதன்று.

விரலால் எண்ணும் முறை

சித்த மருத்துவர் நாடி பார்ப்பதைக் கண்டிராதவர் நம்மிடையே இல்லை. அவர் நாடியின் நடையையும் தன்மையையும் ஆராய்கிறார். இங்கே தேவைப்படுவது எண்ணிக்கை மட்டுமே. கட்டைவிரலின் அடிப்புறத்தில், மணிக்கட்டின் வெளியோரமாகச் செல்லும் நாடியின் மீது ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் மெல்ல அழுத்த வேண்டும். கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தல் கூடாது. அவ்விரலிலேயே துடிப்பு உணரப்படுவதால் எண்ணிக்கை தவறக்கூடும்.

ஓய்வு நிலையில் ஒரு முழு நிமிஷம் எண்ணுவதே சரியாகும். பயிற்சியின் நடுவில் அது இயலாது. ஏனெனில், நின்றவுடனேயே துடிப்பு வேகமாகக் குறையத் தொடங்குகிறது. எனவே, நின்ற உடனே 10 வினாடிகள் எண்ணி 6 ஆல் பெருக்குவது வழக்கம். இதில் ஒரு துடிப்பை விட்டுவிட்டால் விடையில் 6 குறையும். 15 வினாடிகள் எண்ணி 4 ஆல் பெருக்கினால் பிழை 4 ஆகக் குறையும். ஆனால், அந்த நேரத்திற்குள் நாடி மேலும் தணிந்துவிடும். கழுத்து நாடியை எண்ணுபவர் பலமாக அழுத்தலாகாது. இரு புறமும் ஒரே சமயத்தில் தொடவும் கூடாது. அவ்வாறு செய்வதால் மயக்கம் ஏற்படலாம்.

துடிப்புமானி வேலை செய்யும் விதம்

இருதயம் ஒவ்வொரு முறை சுருங்குவதற்கு முன்பும் அதன் தசைகளில் ஒரு சிறு மின்னலை பரவுகிறது. ஹாலந்து தேசத்து விஞ்ஞானி ஐந்தோவன் இம்மின்னலையைத் துல்லியமாகப் பதிவு செய்யும் கருவியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்து, அதற்காக 1924-இல் நோபெல் பரிசு பெற்றார். அக்கருவி மிகப் பெரியது; நோயாளி அதனருகே அசையாமல் அமர்ந்திருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருப்பவரின் துடிப்பை அளக்கும் கம்பியில்லாக் கருவி 1980-களின் தொடக்கத்தில்தான் விற்பனைக்கு வந்தது. பின்லாந்தில் 1977-இல் நிறுவப்பட்ட போலார் நிறுவனம் அதைத் தயாரித்தது.

மார்புப் பட்டையில் உள்ள இரண்டு மின்வாய்கள் தோலின் மீது தோன்றும் மின்னலையை உணர்கின்றன. அடுத்தடுத்த இரண்டு அலைகளுக்கு இடைப்பட்ட நேரத்தைக் கருவி அளந்து, 60-ஐ அந்நேரத்தால் வகுக்கிறது. இடைவெளி 0.8 வினாடியாயின் துடிப்பு 75, 0.5 வினாடியாயின் 120. பட்டை உலர்ந்திருந்தால் மின்தொடர்பு சரியாக ஏற்படாது. ஆதலால், அணிவதற்கு முன் மின்வாய்களை நீரால் நனைத்துக்கொள்ள வேண்டும். பயிற்சி முடிந்ததும் வியர்வையின் உப்பு போகக் கழுவி உலர்த்தினால் பட்டை நீண்ட நாள் உழைக்கும்.

கைக்கடிகாரத்தில் உள்ள கருவி வேறு தத்துவத்தில் வேலை செய்கிறது. அதன் அடிப்புறத்திலிருந்து பச்சை ஒளி தோலின் மீது வீசப்படுகிறது. இரத்தம் பச்சை ஒளியை உட்கொள்ளும் இயல்புடையது. ஒவ்வொரு துடிப்பின்போதும் தோலடியில் இரத்தம் பெருகுவதால் திரும்பி வரும் ஒளி சிறிது குறைகிறது. இந்த ஏற்றத் தாழ்வுகளைக் கருவி எண்ணுகிறது. மின்னலையை நேரடியாக அளக்காததால், இது மார்புப் பட்டையைக் காட்டிலும் பிழைகளுக்கு அதிகம் உட்படும்.

இப்பகுதிகளில் அப்பிழைகள் நேரும் சந்தர்ப்பங்களை அறிந்துகொள்வது நலம். மூணாறின் குளிர்ந்த காலைப் பொழுதில் தோலின் இரத்த நாளங்கள் சுருங்கியிருப்பதால் கடிகாரம் தடுமாறக்கூடும். அரிவாளைப் பிடித்துப் புதர் வெட்டும்போதும், கொழுந்து பறிக்கும்போதும், ஊன்றுகோலை இறுகப் பற்றி ஏறும்போதும் மணிக்கட்டுத் தசைகள் அசைவதால் எண் பிழைபடும். ஓடும்போது சில வேளைகளில் கருவி நாடியை விட்டுவிட்டுக் காலடிகளை எண்ணத் தொடங்குவதும் உண்டு. மெதுவாக ஓடும்போதே கடிகாரம் திடீரென 170 என்று காட்டினால், உடனே நின்று விரலால் எண்ணிச் சரிபார்க்க வேண்டும். கடிகாரத்தை மணிக்கட்டு எலும்பிற்கு ஒரு விரற்கடை மேலே, நழுவாதபடி கட்டினால் பிழை குறையும். தோலின் கருமை நிறம் பச்சை ஒளியை உட்கொள்வதால் அளவு பிழைபடுமா என்பது பற்றிய ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. ஆதலின், புதிய கடிகாரம் ஒன்றை வாங்குபவர் அதை ஓய்விலும் நடையிலும் விரல் எண்ணிக்கையுடன் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே நம்புதல் வேண்டும்.

பயிற்சியின் படிகள்

வளர்ந்தவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிஷம் வரை மிதமான பயிற்சியோ, 75 முதல் 150 நிமிஷம் வரை கடுமையான பயிற்சியோ செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தது. சிறுவர் சிறுமியருக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிஷம் உடலுழைப்பு வேண்டும் என்றும் அது கூறியது.

புதிதாகத் தொடங்குபவர் முதல் மூன்று வாரங்கள், வாரத்தில் ஐந்து நாட்கள், நாளொன்றுக்கு 30 நிமிஷம் மிதமான எல்லைக்குள் நடந்தால் போதுமானது. மேற்கண்ட வனக் காவலர் எனில் 115-க்கும் 137-க்கும் இடையே. மேட்டில் எண் 137-ஐத் தாண்டினால் நடையைத் தளர்த்த வேண்டும். இறக்கத்தில் 115-க்குக் கீழே வந்தால் சற்று விரைய வேண்டும். பெரும்பாலோர் ஆரம்பத்தில் செய்யும் தவறு அளவுக்கு மீறி விரைவதே. துடிப்புமானியின் முதற்பயன் ஒருவரை விரட்டுவதன்று, அடக்கி நிறுத்துவதேயாகும்.

நான்காம் வாரத்திலிருந்து ஒரு நாளின் நடையை மட்டும் சிறிது சிறிதாக நீட்டலாம். மற்றொரு நாளில் கடுமையான பயிற்சியைச் சேர்க்கலாம். 10 நிமிஷம் மெதுவாக நடந்து உடலைச் சூடேற்றிக்கொண்டு, 3 நிமிஷம் சேமிப்பில் நூற்றுக்கு 70 முதல் 85 பங்கு வரை எட்டும்படி ஏறவோ ஓடவோ வேண்டும். பின்னர் 3 நிமிஷம் மெதுவான நடை. இவ்வாறு நான்கு முறை செய்து, இறுதியில் 10 நிமிஷம் தளர்ந்து நடந்து முடிக்க வேண்டும். சிறந்த நெடுந்தூர வீரர்களும் தங்கள் பயிற்சி நேரத்தில் ஐந்தில் நான்கு பங்கை எளிய வேகத்திலேயே கழிக்கின்றனர் என்பது குறிப்பிடத்தக்கது.

முன்னேற்றத்தை அறியவும் நாடி உதவுகிறது. மாதம் ஒரு முறை, ஒரே பாதையில், ஒரே வேளையில், ஒரே துடிப்பில் நடந்து நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் மாதம் 130 துடிப்பில் 3 கிலோமீட்டர் நடக்க 33 நிமிஷம் ஆயிற்று என்றும், மூன்றாம் மாதம் அதே துடிப்பில் 29 நிமிஷம் ஆயிற்று என்றும் கொள்வோம். அவருடைய இருதயம் கூடுதல் சிரமமின்றிக் கூடுதல் வேலை செய்யக் கற்றுக்கொண்டது என்பது இதன் பொருள். 25 கிலோமீட்டரை 4 மணி நேரத்தில் கடக்க, கிலோமீட்டருக்கு 9 நிமிஷம் 36 வினாடி வேண்டும். 3 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 29 நிமிஷம். அந்த வேகத்தை மிதமான எல்லைக்குள்ளேயே எட்டியவர், நெடுந்தூரம் நடந்தும் பழகியிருப்பாராயின், தேர்வு நாளில் அஞ்ச வேண்டியதில்லை.

சீரான வேகத்தின் பெருமைக்கு இம்மாவட்டங்களே சான்று கூறும். இடுக்கி மாவட்டத்து மூலமற்றத்தில் பிறந்த பிரீஜா ஸ்ரீதரன் 2010-இல் குவாங்சௌ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டர் ஓட்டத்தை 31 நிமிஷம் 50.47 வினாடியில் முடித்துத் தங்கப் பதக்கம் பெற்றார். 400 மீட்டர் சுற்று ஒன்றுக்குச் சராசரி 76 வினாடி வீதம் 25 சுற்றுகள் ஓடினார் என்பது கணக்கு. இடுக்கியைச் சேர்ந்த பீனாமோல் 2002-இல் புசான் ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் தங்கம் வென்றார். பாலக்காட்டு முண்டூரைச் சேர்ந்த சித்ரா 2017-இலும் 2019-இலும் ஆசியத் தடகளப் போட்டிகளில் 1,500 மீட்டரில் முதலிடம் பெற்றார். இவ்வெற்றிகளுக்குக் கருவியே காரணம் என்று கூறுவதற்கில்லை. பல ஆண்டுகளின் ஒழுங்கான பயிற்சியே காரணம். அவ்வொழுங்கைச் சாதாரண மனிதரும் கைக்கொள்ளக் கருவி துணைபுரிகிறது.

பாலக்காட்டின் வெயிலும் இடுக்கியின் உயரமும்

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே, ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள கணவாயில் பாலக்காடு அமைந்துள்ளது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் இங்கு உஷ்ணம் 40 டிகிரி சென்டிகிரேடைத் தொடுவதும் தாண்டுவதும் உண்டு. வெயிலில் உழைக்கும்போது இருதயத்திற்கு இரண்டு வேலைகள் ஏற்படுகின்றன: தசைகளுக்கு இரத்தம் அனுப்புவது ஒன்று, உடற்சூட்டைத் தணிக்கத் தோலுக்கு இரத்தம் அனுப்புவது மற்றொன்று. வியர்வையாக நீர் வெளியேறுவதால் இரத்தத்தின் அளவும் குறைகிறது. ஆகவே, வேகத்தை மாற்றாதிருந்தும் துடிப்பு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். காலையில் 130 துடிப்பில் ஓடிய வேகத்திற்குப் பிற்பகலில் 150 தேவைப்படலாம். இத்தகைய நாட்களில் வேகத்தைப் பிடித்துக்கொள்ளாமல் துடிப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வேகம் தானே குறையட்டும். உஷ்ணத்திற்கு உடல் பழக 10 முதல் 14 நாட்கள் ஆகும். மூணாறிலிருந்து சமவெளிக்கு வந்து தேர்வு எழுதுபவர்கள் இதை முக்கியமாக நினைவிற்கொள்ள வேண்டும்.

உயரத்தின் விளைவு வேறு வகையானது. மூணாறு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கே. 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியின் உச்சியில் அது நான்கில் மூன்று பங்கிற்கும் சற்றுக் குறைவு. காற்றில் பிராணவாயுவின் விகிதம் மாறுவதில்லை; ஆனால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் அளவு குறைகிறது. அதை ஈடுசெய்ய இருதயம் அதிகமாகத் துடிக்கிறது. சித்தூரிலிருந்து மாற்றலாகி வரும் ஆசிரியரோ காவலரோ முதல் சில நாட்கள் தம் துடிப்பு கூடுதலாக இருப்பதைக் காணலாம். அந்நாட்களில் பயிற்சியைக் குறைத்துக்கொள்வதே முறை.

எச்சரிக்கைகள்

2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் ஜார்க்கண்ட் மாநிலத்தில் கலால் காவலர் தேர்வுக்காக நடந்த 10 கிலோமீட்டர் ஓட்டத்தில் பத்துக்கு மேற்பட்ட இளைஞர்கள் உயிரிழந்தனர். அத்தேர்வு சில நாட்கள் நிறுத்தி வைக்கப்பட்டது. வேலை ஒன்றை நாடி வந்த இளைஞர்கள் ஓட்டப் பாதையிலேயே மாண்ட இச்சம்பவம், மாணவரைத் தயார் செய்யும் ஒவ்வோர் ஆசிரியரும் மனத்திற்கொள்ள வேண்டியதாகும். தேர்வு நாளில் உடல் கேட்பதைத் தர மறுக்கும்போது உள்ள உறுதியால் அதை விரட்டுவது வீரமன்று என்பதை மாணவர்களுக்கு முன்கூட்டியே கற்பித்தல் வேண்டும். ஊக்க மருந்துகள், ஊக்க பானங்கள் ஆகியவை இருதயத்தின் சுமையை மேலும் கூட்டுவன; அவற்றை அறவே விலக்க வேண்டும்.

துடிப்புமானி இருதய நோயைக் கண்டறியும் கருவியன்று. பயிற்சியின்போது மார்பில் வலி, இறுக்கம், மயக்கம், அளவுக்கு மீறிய மூச்சுத் திணறல், தாறுமாறான படபடப்பு ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால், கருவி என்ன எண்ணைக் காட்டினும் உடனே நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும். குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நேர்ந்திருந்தால், கடுமையான பயிற்சிக்கு முன் மருத்துவப் பரிசோதனை அவசியம். இரத்த அழுத்தத்திற்காக அட்டினலால், மெட்டோபுரலால் போன்ற மருந்துகளை உட்கொள்பவர்களின் துடிப்பு மருந்தினால் குறைக்கப்பட்டிருக்கும். ஆதலின் மேற்கண்ட சூத்திரங்கள் அவர்களுக்குப் பொருந்தா. அவர்கள் பேச்சுச் சோதனையைக் கையாளலாம். நடக்கும்போது பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் பயிற்சி மிதமானது. சில சொற்களுக்கு மேல் பேச இயலவில்லையெனில் கடுமையானது.

காலை ஓய்வு எண் வழக்கத்தைவிட 8 அல்லது 10 துடிப்புகள் கூடியிருப்பின், முந்திய நாளின் களைப்பு தீரவில்லை என்றோ, காய்ச்சல் தொடங்குகிறது என்றோ கருத இடமுண்டு. அன்று ஓய்வு கொள்ள வேண்டும். பல வாரங்கள் காரணமின்றிக் கூடுதலாகவே இருந்தால் இரத்தசோகை உள்ளதா என்று பரிசோதித்துக்கொள்வது நலம். தோட்டத் தொழிலாளரிடையே பணிபுரியும் சுகாதாரப் பணியாளர்கள் இதைக் கவனித்தல் வேண்டும்.

வெயிலில் ஓடிய ஒருவர் பிதற்றினாலோ, தள்ளாடினாலோ, உணர்விழந்தாலோ அது வெப்ப மயக்கத்தின் கொடிய நிலை எனக் கொள்ள வேண்டும். உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிற வேண்டும். வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்திலும் குளிர்விப்பதை நிறுத்தலாகாது. 108 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். மூச்சு நின்றிருந்தால் மார்பின் நடுவே நிமிஷத்திற்கு 100 முதல் 120 முறை வீதம் பலமாக அழுத்த வேண்டும்.

வகுப்பறைச் சோதனை

ஆசிரியர்கள் இதைச் சிறு சோதனையாக நடத்திக் காட்டலாம். ஏறத்தாழ ஓர் அடி உயரமுள்ள உறுதியான படி, வினாடி முள் உள்ள கடிகாரம், கரும்பலகை ஆகியவை போதும். நோயோ காய்ச்சலோ இல்லாத மாணவர்களை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொருவரும் ஐந்து நிமிஷம் அமர்ந்திருந்து தம் நாடியை ஒரு நிமிஷம் எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் நிமிஷத்திற்கு 24 முறை வீதம் 3 நிமிஷம் படியில் ஏறி இறங்க வேண்டும். நின்ற உடனே 10 வினாடிகளும், ஒரு நிமிஷம் கழித்து மீண்டும் 10 வினாடிகளும் எண்ணி, ஒவ்வொன்றையும் 6 ஆல் பெருக்கி எழுத வேண்டும். இரண்டு எண்களுக்கும் உள்ள வேறுபாடு மீட்சி எனப்படும்.

உழைப்பு நின்ற முதல் நிமிஷத்தில் துடிப்பு விரைந்து தணிவது நல்ல உடல்நிலையின் அடையாளம். மருத்துவமனைகளில் வளர்ந்தவர்களுக்கு நடத்தும் கடுமையான உழைப்புச் சோதனைகளில் முதல் நிமிஷத்தில் 12 துடிப்புகள் அல்லது அதற்கும் குறைவாகவே தணிந்தவர்களிடையே பிற்காலத்தில் மரண விகிதம் கூடுதலாக இருந்ததை 1999-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆயினும், வகுப்பறைச் சோதனையின் எண்ணைக் கொண்டு எந்த மாணவரையும் நோயாளி என்றோ, திறமையற்றவர் என்றோ கூறிவிடலாகாது. ஒருவர் எண்ணை மற்றவர் எண்ணுடன் ஒப்பிடாமல், ஒவ்வொருவரும் தம் எண்ணைத் தம் முந்திய மாதத்து எண்ணுடன் ஒப்பிடச் செய்வதே இச்சோதனையின் நோக்கம்.

பயிற்சி வினாக்கள்

1. 20 வயதுள்ள ஒருவரின் ஓய்வு எண் 64. இரண்டாவது சூத்திரத்தின்படி அவருடைய உச்ச எண், சேமிப்பு, மிதமான பயிற்சியின் இரு எல்லைகள் ஆகியவற்றைக் கணக்கிடுக. (விடை: 194; 130; 116, 142.)

2. மார்புப் பட்டை இரண்டு அலைகளுக்கு இடையே 0.4 வினாடி என்று அளந்தால் நாடித் துடிப்பு எவ்வளவு? (விடை: 150.)

3. ஒரே வேகத்தில் ஓடியும் பிற்பகலில் துடிப்பு கூடுவதற்குரிய காரணங்கள் இரண்டைக் கூறுக.

4. மூணாற்று மாணவர் ஒருவர் ஏப்ரல் மாதத்தில் பாலக்காட்டில் நடக்கவிருக்கும் ஓட்டத் தேர்வுக்கு எத்தனை நாட்களுக்கு முன் வந்து தங்குவது நலம்? அந்நாட்களில் அவர் எந்த வேளையில், எந்த அளவில் பயிற்சி செய்ய வேண்டும்? வகுப்பில் விவாதிக்க.